நீலமாகிப் போன மல்லிகை மாலை

பூ வியாபாரிக்கு எதைப் பார்த்தாலும் ஒரே கவலைதான்: வாடிவிடுமோ? மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கடை வைத்திருக்கும் என்னிடம் போய் மருந்தை ஒப்படைத்தது செந்திலின் தப்பு என்று இன்றும் வாதாடுகிறேன். (வீட்டில் ஒருவரும் ஏற்பதில்லை.)

செந்தில் என் மனைவியின் தம்பி. மருந்து ஆராய்ச்சி மாணவன். தோலில் ஒட்டும் ஒரு பட்டை செய்திருந்தான். அதில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குட்டி ஊசிகள். ஊசிக்குள் அதைவிடப் பொடியான நானோ மருந்துத் துகள்கள். தோலின் ஈரம் பட்டால் ஊசி கரையும், மருந்து உள்ளே இறங்கும், வலியே இருக்காது. இறங்கிய இடம் தெரிய நீலச்சாயமும் சேர்த்திருந்தான். வெளியூர்ப் பேராசிரியர் முன்னால் இதைச் செய்துகாட்டினால் டாக்டர் பட்டம். பட்டம் வந்தால்தான் கல்யாணத் தேதி என்று பெண் வீட்டில் கறார்.

அன்று காலை போன் வந்தது.

"மாமா, பட்டை இருக்குற வெள்ளிக் கவர வீட்லயே விட்டுட்டேன். வாடிப்பட்டி காலேஜுக்குக் கொண்டாங்க. பத்திரம்!"

"கவலைய விடு மாப்ள. பூ மாதிரி கொண்டு வாரேன்."

சொன்ன சொல் தவறவில்லை. பேராசிரியருக்குக் கட்டிய மல்லிகை மாலையோடு கவரையும் ஈரத்துணியில் சுற்றி, தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் கொட்டினேன். கவருக்குள் குளிர் போகாதே என்று ஓரத்தைக் கிழித்தும் விட்டேன். வழியில் வெயில் கொளுத்தியதால் தண்ணீர் வேறு தெளித்தேன்.

போனதும் முதல் வேலையாகப் பேராசிரியருக்கு மாலை போட்டேன். (அதன் அடிப்பக்கத்தை யார் பார்த்தது?) செந்தில் கவரைத் திறந்தான். பட்டை வழுவழுவென்று இருந்தது. ஒரு ஊசி மிச்சமில்லை.

"மாமா... இம்புட்டு ஐஸ் எதுக்கு?"

"வாடிறக் கூடாதுல்ல மாப்ள."

அவன் பேராசிரியரின் வெள்ளைச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். நெஞ்சு முழுக்க நீலம்.

அவரும் குனிந்து பார்த்தார். "துகள் நல்லாத்தான் எறங்குது தம்பி. ஆனா என் சட்டைக்கு நோய் ஒண்ணும் இல்லையே?"

புதுப் பட்டை செய்து, அவரை மறுபடி வரவழைத்துக் காட்டுவதற்குள் தையில் நடக்க வேண்டிய கல்யாணம் ஆவணிக்குப் போய்விட்டது. கல்யாண மாலையை என் எதிர்க்கடையில் வாங்கினார்கள்.

இப்போது அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. தூக்கலாம் என்று நான் கை நீட்டினால் செந்தில் மனைவி ஒரு அடி பின்னால் போகிறாள்.

"அண்ணே, கை காஞ்சிருக்கா? பிள்ளை கரைஞ்சிறப் போகுது."