கலயத்தில் இருப்பது நான்தான்

நம்மிடையே ஓர் இனம் உண்டு. ஊரில் யார் எதைச் செய்தாலும் தன்னை மனத்தில் வைத்துத்தான் செய்கிறார்கள் என்று நம்புகிற இனம். எங்கள் பள்ளத்தாக்கில் அதற்குக் குஸ்குமான் என்று பெயர்.

குயத்தி நெக்கியோ கோயிலுக்காக ஒரே அச்சில் நாற்பது முகக் கலயங்கள் எடுத்தாள். தலைப்பாகை, தடித்த உதடு, கூர்மூக்கு. வெயிலில் காய்ந்தவற்றைப் பார்த்துக் குஸ்குமான் அசந்து நின்றுவிட்டான். தன்னையல்லவா செய்திருக்கிறாள்! கேட்டால் கூச்சப்படுவாளே என்று கேட்கவும் இல்லை. பெரிய மனசு. கோயில் அவற்றை ஊருக்குப் பகிர்ந்து கொடுத்த நாள் முதல், வாத்துக்கறி விருந்தானாலும், வலை இழுக்கும் கரையானாலும், லாமா விலங்குக்குச் சுமை ஏற்றும் இடமானாலும், யார் கையிலாவது அந்தக் கலயத்தைக் கண்டால் போய்ப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொள்வான். ஒப்பிட்டுப் பார்த்து முடிக்கும்வரை சோளக்கள்ளை ஊற்றவே விடமாட்டான். தலைப்பாகையையும் கலயத்தைப் போலவே சாய்த்துக் கட்டினான். மூக்குதான் காலை வாரியது. அது சப்பை.

"அந்த மூக்கு உங்களுது இல்லீங்க," என்றாள் மனைவி.

"சூளையில வெந்தா மூக்கு நீளத்தான் செய்யும். உனக்கென்ன தெரியும்?"

ஒரே மாதத்தில் ஊர் முழுக்க ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்ளாவிட்டால் விடுவானா?

அப்போதுதான் கோயில் வீரர்கள் ஒரு கலயத்தோடு வந்தார்கள். சடங்குச் சண்டையில் தோற்ற மல்லன் பலிக்கு முன்பே தப்பி ஓடிவிட்டானாம். அவன் முகம்தான் இது, பார்த்தவர்கள் உண்டா என்று கேட்டார்கள். ஊரே ஒற்றுமையாகக் கை நீட்டியது.

குஸ்குமானின் கழுத்தில் கயிறு விழுந்தது. நான் இல்லை, நான் இல்லவே இல்லை என்று அலறினான். பாவம், யார் நம்புவார்கள்? கடைசியில் நெக்கியோவை அழைத்துவந்து கேட்டார்கள். அவள் கலயத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடியும் கலயத்தைப் பார்த்தாள். அவசரமே படவில்லை.

"இவரையா? இந்த மூஞ்சிக்கு நான் களிமண்ண வேற வீணாக்குவேனா?"

"மாட்டே தாயி, மாட்டவே மாட்டே," என்று கும்பிட்டான் குஸ்குமான். அவமானப்பட்டு இத்தனை மகிழ்ந்த மனிதனை நாங்கள் கண்டதில்லை.

கயிறு அவிழ்ந்தது. வீட்டுக்குப் பாதி வழியில் தலைப்பாகையை மறுபடியும் சாய்த்துக் கட்டிக்கொண்டான்.

"ஒண்ணு கவனிச்சியா?" என்றான் மனைவியிடம். "என்னையே எவ்வளவு நேரம் பார்த்தா? அடுத்த கலயத்துக்கு அளவெடுக்கிறா."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கையில் ஓரிடத்திலாவது, 'என்னை வைத்துத்தான் எழுதியிருக்கிறானோ' என்று தோன்றியதா? சத்தியமாக உங்களை நினைத்து ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனாலும் தோன்றியதல்லவா? எதற்கும் மூக்கை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.