மாடியில்லாத நூலகத்துக்கு ஒரு லிஃப்ட்

மாடியே இல்லாத கட்டடத்துக்கு ஐந்து முறை லிஃப்ட் கேட்டு, ஐந்து முறையும் இல்லை என்ற பதிலை வாங்கி, அதில் சந்தோஷப்பட்ட மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். இண்டூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் நூலகத்தை நடத்தியவர். ஊர் அவருக்கு வைத்த பெயர் லிஃப்ட் சார்.

நான் அங்கே உதவியாள். கூட்டிப் பெருக்குவது, புத்தகம் அடுக்குவது, கமிட்டி கூடினால் டீ கொடுப்பது என் வேலை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வெட்கம். அதனால் ஒவ்வொரு கூட்டத்திலும் மூலையில் நின்று முழுவதையும் பார்த்திருக்கிறேன்.

அது அரசு நூலகம் இல்லை. ஊர்க்காரர் ஒருவர் இடம் கொடுத்து, அறக்கட்டளை வைத்து நடப்பது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஐந்து பேர் கூடுவார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஐவரும் தங்கமானவர்கள். சேர்ந்து உட்கார்ந்தால் மட்டும், எதையாவது வேண்டாம் என்று சொல்லாமல் எழுந்து போவது கௌரவக் குறைச்சல். சார் வந்த புதிதில் ஒழுகுகிற கூரை ஓடுகளை மாற்றலாமா என்றார். வேண்டாம். டியூப்லைட்? "பகல்ல படிச்சாப் பத்தாதா?"

மூன்றாவது கூட்டத்தில் சார் முதல் விஷயமாக லிஃப்டை வைத்தார்.

"லிஃப்ட்டா? எங்கீங்க போறதுக்கு?" என்றார் தலைவர். மரவள்ளி போடுகிற விவசாயி அவர்.

"மேலதாங்க."

"மேல வானந்தான இருக்குது!"

"நாளைக்கே மாடி கட்டுனா ஒதவுமுங்க."

ஐந்து பேரும் முக்கால் மணி நேரம் மாறி மாறி மறுத்தார்கள். ஒருவர் எழுந்து நின்று மறுத்தார். தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு முறை மறுத்தார்கள். அதன் பிறகு ஓடு, டியூப்லைட், இரண்டு மேசை மூன்றும் ஐந்தே நிமிஷத்தில் நிறைவேறின. சண்டை போட யாரிடமும் தெம்பில்லை.

அன்றைக்கு நான் டம்ளர் கழுவும்போது சார் வந்து நின்றார். "முனியப்பா, வூட்ட விட்டுக் கெளம்பும்போதே ஆளுக்கொரு 'வேணாம்' கொண்டுக்கிட்டு வராங்க. அத எறக்கி வெக்க நாமதான் எடம் காட்டணும்."

இன்னும் சில ஏற்பாடுகள் உண்டு. நாலு நாற்காலிக்குக் கை இருக்கும், ஒன்றுக்கு இருக்காது. கையில்லாத நாற்காலியில் யாராலும் பத்து நிமிஷத்துக்கு மேல் பேச முடியாது. மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டி வைத்திருந்த உறுப்பினருக்குக் குரல் பெரிது. அவருக்கு மட்டும் சார் கூட்ட நேரத்தைக் கால் மணி தள்ளிச் சொல்வார். கடைசியாக வருகிறவருக்குக் கடைசி நாற்காலி. சார் பேனாவைச் சட்டைப் பையில் குத்தினால் நான் போண்டாத் தட்டோடு உள்ளே போக வேண்டும். போண்டா வந்துவிட்டால் விவாதம் முடிந்தது என்று அர்த்தம்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு முறை கூட்ட நோட்டீசில் மூன்றாவது விஷயமாக என் பெயர் இருந்தது. எதையும் எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் படிப்பேன். அதை மட்டும் சீக்கிரம் படித்துவிட்டேன். என்னை நிறுத்திவிட்டுக் கம்ப்யூட்டர் தெரிந்த ஆளைப் போட வேண்டும் என்று மண்டிக்காரர் எழுதிக் கொடுத்திருந்தார். எனக்கு வேறு தொழில் தெரியாது. தவிர, யாரோடும் பேசாமல் நாள் முழுக்க இருந்தாலும் நல்ல வேலைக்காரன் என்று சொல்கிற இடம் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது?

அந்த வாரம் முழுக்க நான், சார் குடியிருந்த நூலகப் பின்னறையில் அவருடைய சாமான்களைப் பெட்டியில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் மனைவி போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. ஓசூரில் மகள் அவருக்கென்று ஓர் அறையை ஒதுக்கி, வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கூட்டத்தின் கடைசியில் விலகல் கடிதம் கொடுத்துவிட்டு மறுநாள் கிளம்புவதாக இருந்தார். நாலு பெட்டி. கயிறு போட்டுக் கட்டியவன் நான்.

கூட்டத்தன்று மண்டிக்காரர் அரை மணி முன்பே வந்து கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"சார், லிஃப்ட் கதையெல்லாம் எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. இன்னிக்கு நேரா மூணாவதுக்கு வாங்க."

சார் என்னை ஒரு முறை பார்த்தார். பையிலிருந்து கடிதத்தை எடுத்தார்.

"லிஃப்ட் வேணாங்க. மொத விஷயம் மாறிப்போச்சு. நான் வேலைய விட்டுப் போறனுங்க."

ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"அதெப்படிங்க போவீங்க?"

"விட்டாத்தான போவீங்க!"

மண்டிக்காரர் குரல்தான் பெரிதாகக் கேட்டது. "எம்பொண்ணு குரூப் ஃபோர் பரிச்சைக்கு இங்க வந்துதாங்க படிக்குது. நீங்க போயிட்டா இந்த எடத்தப் பூட்டிட்டுப் போவ வேண்டியதுதான்!"

இரண்டு மணி நேரம் மறுத்தார்கள். லிஃப்டுக்குக் கூட அவ்வளவு மறுப்பு இல்லை. கடைசியில் தலைவர் கையெடுத்துக் கும்பிட்டார். "உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க சார்."

"எனக்கு ஒண்ணும் வேணாங்க. இங்க இருக்கறதெல்லாம், இருக்கறவங்கெல்லாம், அப்படியே இருந்தாப் போதும்."

"அப்படியே எழுதுங்க!" என்று தலைவர் சொல்லுமுன் மண்டிக்காரர் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் மூன்றாவது விஷயம் அவருக்கு ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தார். சார் பேனாவைப் பையில் குத்தினார்.

போண்டா வரவில்லை.

"முனியப்பா, போண்டா எங்கப்பா?" என்றார் தலைவர்.

என் கையில்தான் இருந்தது, ஆறிப்போய்.

எல்லோரும் போன பிறகு சார் பெட்டிகள் பக்கம் கையைக் காட்டினார். "அந்தக் கயித்த அவுத்துரு." இறுக்கிக் கட்டியிருந்தேன். அவிழ்க்க வெகுநேரம் ஆனது.

மூன்று வருஷம் கழித்து, முழங்கால் வலி தாங்காமல்தான் ஓசூர் போனார். மகள் வீடு நாலாவது மாடி. நிஜமான லிஃப்ட் இருக்கிறது. மாதம் ஒரு முறை பஸ் ஏறிப் போய்ப் பார்த்து வருகிறேன். எனக்கு லிஃப்டில் பட்டன் அமுக்கத் தெரியாது என்று சாரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அதனால் ஒவ்வொரு முறையும் அவரே கீழே இறங்கி வந்து, என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறார்.

நூலகத்தில் மண்டிக்காரர் மகள் கம்ப்யூட்டரே கற்றுக்கொடுத்துவிட்டாள் எனக்கு.