பதினொரு சதவீதம் உழைத்த கணினி

சான்றிதழ் அலுவலகத்தின் மூன்றாம் கவுண்டரில் ஒரு புதிய கணினி, முப்பது நாள் சோதனை அடிப்படையில், மேசையின் மீது வைக்கப்பட்டது. சோதனை முடிந்ததும் குழு ஒன்று அதன் மதிப்பை ஆராயும். தகுதி இருந்தால் வாங்கிக்கொள்வது, இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிட்டுப் பழைய கணினியையே மறுபடி அமர்த்துவது என்று உத்தரவு. உத்தரவு நான்கு பக்கம். கணினியைப் பற்றி அதில் இரண்டே வரி. மீதியெல்லாம் நகல் யார் யாருக்குப் போக வேண்டும் என்பது.

அந்தக் கவுண்டரில் உட்காருபவளை எல்லோரும் டைப்பிஸ்ட் அக்கா என்பார்கள். தட்டச்சுப் பொறி குப்பைக்குப் போய்ப் பல வருஷம் ஆகியும் பெயர் மட்டும் போகவில்லை. பழைய கணினியில் ஒரு பிறப்புச் சான்றிதழ் எடுக்க நாற்பது நிமிஷம் ஆகும். சான்றிதழுக்கு வந்த குழந்தை அதற்குள் ஒரு தூக்கம் தூங்கி எழுந்து, பாலும் குடித்துவிடும். டோக்கன் வாங்கியவர்களை முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்பதால் ஐந்து மணி அலுவலகம் அக்காவுக்கு மட்டும் ஏழரை வரை நீளும். வீட்டுக்குப் போனால், பள்ளி இறுதி வகுப்பு படிக்கும் மகள் தனியாகச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்திருப்பாள். அந்தத் தட்டைப் பார்த்தபடிதான் அக்கா தினமும் தனியாகச் சாப்பிடுவாள்.

புதுக் கணினிக்கு யோசனை சொன்னவர் அலுவலகத்துக்கு வந்துபோகும் கணினி மெக்கானிக்.

"அக்கா, உங்க வேலை என்ன? பேரு அடிக்கணும், தேதி அடிக்கணும், பிரிண்ட் போடணும். அதுக்கு ரெண்டு கோர் இருக்கிற சின்ன ப்ராசஸர் தாராளம். விலையும் கம்மி."

"ரெண்டு கோர்னா என்னங்க?"

"ப்ராசஸர்தான் கணினிக்கு மூளை. அதுக்குள்ள ரெண்டு பேர் உட்கார்ந்து வேலையைப் பங்கு போட்டுக்கிறாங்கன்னு வச்சுக்கோங்களேன்."

"ரெண்டு பேருமே வேலை செய்வாங்களா?"

"செய்வாங்க."

அக்காவால் அதைச் சட்டென்று நம்ப முடியவில்லை. அவள் அந்த அலுவலகத்தில் பத்தொன்பது வருஷம் குப்பை கொட்டியவள்.

ஆனால் இரண்டு பேரும் செய்தார்கள். நாற்பது நிமிஷச் சான்றிதழ் நான்கு நிமிஷத்தில் வெளியே வந்தது. மூன்று மணிக்குக் கூடம் காலி. ஐந்து அடித்ததும் அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கதவைத் திறந்த மகள் முதலில் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏம்மா, உடம்பு சரியில்லையா?"

அன்றைக்கு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மகளுக்கு எப்போது இவ்வளவு வாய் வந்தது என்று அக்காவுக்கே ஆச்சரியம். சிரித்துச் சிரித்துப் புரையேறியது. இந்த ஐந்து மணியை இனி யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று அவள் மனசுக்குள் முடிவு செய்துகொண்டாள்.

அலுவலகத்துக்கு இது தாங்கவில்லை. கண்காணிப்பாளர் ஒரு மாலை கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டார்.

"என்னம்மா இது, ஈ ஓட்டிக்கிட்டு இருக்கீங்க? ஜனங்க எங்க?"

"வேலை முடிஞ்சுது சார், போயிட்டாங்க."

"முடிஞ்சுதா?" என்றார் அவர், வீட்டில் திருடு போனதைக் கேட்டவர் போல. அவர் பணிக்காலத்தில் அப்படி ஒரு சம்பவம் நடந்ததாகப் பதிவு இல்லை.

ஜனங்களும் சும்மா இருக்கவில்லை. மகனின் பிறப்புச் சான்றிதழை வாங்கிப் போன ஒரு கடைக்காரர் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"அம்மா, நாலே நிமிஷத்துல குடுத்துட்டீங்க. இது ஒரிஜினல்தானா?"

"ஒரிஜினல்தாங்க."

"என் மூத்த பொண்ணுக்கு ஒன்றரை நாள் அலைஞ்சேன். அது எவ்வளவு கெட்டியா இருக்குது தெரியுமா?" என்றவர், மனசு ஆறாமல் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் போனார்.

முப்பதாவது நாள் மதிப்பீட்டுக் குழு கூடியது. கண்காணிப்பாளர் தலைவர். தணிக்கையாளர் உறுப்பினர். கண்காணிப்பாளரின் மைத்துனர் தொழில்நுட்ப வல்லுநர். அவர் வீட்டில் பதினாறு கோர் உள்ள கணினி ஒன்று ஏழு நிறத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதில் அவர் சீட்டு விளையாடுவார்.

ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய கணினியும் பக்கத்தில் வைக்கப்பட்டது. இரண்டிலும் ஒரே சான்றிதழைத் திறந்து, ப்ராசஸர் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைத் திரையில் காட்டினார் மெக்கானிக். பழையது நூறு சதவீதம். புதியது பதினொன்று.

"பதினொண்ணா?" என்றார் தணிக்கையாளர். "அப்ப மீதி எண்பத்தொன்பது?"

"அது சும்மா இருக்குது சார். அவ்வளவு சக்தி கையிருப்புல இருக்குன்னு அர்த்தம்."

"சும்மா இருக்குதுன்னு நீங்களே சொல்றீங்க. எழுதிக்கிறேன்."

"சார், அது வேலையை முடிச்சுட்டுத்தான் சும்மா இருக்குது!"

"பழையதைப் பாருங்க" என்றார் கண்காணிப்பாளர், குரல் தழுதழுக்க. "ஒரு நிமிஷம் ஓய்வு உண்டா? எப்படிச் சூடாகுது, எப்படி முனகுது! இதுவல்லவோ அர்ப்பணிப்பு!"

"ரெண்டு கோர்னு சொல்றாங்க" என்றார் தணிக்கையாளர். "இந்தக் கவுண்டருக்கு அனுமதிச்ச பணியிடம் ஒண்ணுதான். ரெண்டாவது எந்தப் பணியிடத்துல வருது? ரெண்டுல எது சீனியர்?"

மெக்கானிக் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"லைட்டும் எரியலை" என்றார் மைத்துனர். வல்லுநர் கருத்து என்று அதுவும் எழுதப்பட்டது.

முடிவு: கருவி, தன் பணிநேரத்தின் பெரும்பகுதியைச் சோம்பலில் கழிப்பதாகத் தெரிய வருவதால், அதன் மதிப்பு குறைவு எனக் கருதப்படுகிறது. ஒரு வாரத்துக்குள் உழைப்பு விகிதம் தொண்ணூறைத் தாண்டாவிட்டால் திருப்பி அனுப்பப்படும்.

குழு போன பிறகு அக்கா பழைய கணினியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கவிழ்த்த தட்டு கண் முன்னால் வந்து நின்றது. அழுகை வருமென்று நினைத்தாள், கோபம்தான் வந்தது.

"தொண்ணூறுதானே வேணும்? காட்டிடலாம்" என்றாள்.

"அக்கா, நல்ல கணினியைக் கெடுக்கச் சொல்றீங்களே" என்றார் மெக்கானிக்.

"கெடுக்கச் சொல்லலை. பரபரப்பா இருக்கச் சொல்றேன்."

அடுத்த ஆய்வு நாளன்று காலையிலேயே அவள் வேலையில் இறங்கினாள். துறையின் ஆண்டு விழாப் படத்தை மூன்று முறை திறந்து ஒரே நேரத்தில் ஓட விட்டாள். வைரஸ் தேடும் மென்பொருள் இரண்டைப் போட்டு, ஒன்றையொன்று சந்தேகப்பட விட்டாள். பதினொரு வருஷச் சுற்றறிக்கைகளை ஒரே கோப்பாகத் திறந்தாள். அப்படியும் எண்பத்திரண்டில் நின்றது. மீன்கள் நீந்தும் படம் ஒன்றையும் சேர்த்தாள். தொண்ணூற்றெட்டு. உள்ளேயிருந்த விசிறி மாவு மெஷின் போல இரைந்தது.

குழு வாசலில் நுழையும்போதே அந்தச் சத்தம் கேட்டது. கண்காணிப்பாளரின் முகம் மலர்ந்தது. கணினியின் மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"சுடுது!" என்றார் பூரிப்போடு. "திருந்திடுச்சு!"

மாதிரிக்கு ஒரு சான்றிதழ் எடுக்கச் சொன்னார்கள். முப்பத்தெட்டு நிமிஷம் ஆனது. குழு அதற்குள் இரண்டு தடவை டீ குடித்தது. மூன்றாவது டீ வரும் சமயத்தில் காகிதம் மெல்ல வெளியே எட்டிப் பார்த்ததும் மூவரும் கை தட்டினார்கள்.

"மீன் அழகா இருக்குது" என்றார் மைத்துனர். லைட் எரியாத குறை அத்துடன் நீங்கியது.

"தொண்ணூற்றெட்டுதானே? நூறு வரலையே" என்று இழுத்தார் தணிக்கையாளர்.

"புதுசு இல்லையா? அனுபவம் வர வர நூறைத் தொட்டுடும்" என்றார் கண்காணிப்பாளர்.

கணினியை வாங்கிக்கொள்ளலாம், இனி மாதம் ஒரு முறை ஆய்வு போதும் என்று எழுதிக் கையெழுத்துகள் விழுந்தன. மற்ற இருவரும் முன்னால் போக, தணிக்கையாளர் மட்டும் பின்தங்கி, குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாத்தையும் திறந்து வச்சிருக்கீங்க போல."

அக்கா அவசரமாகத் திரையை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"நல்லதும்மா. நானும் மேசையில பத்து ஃபைலை விரிச்சு வச்சுக்கிட்டுத்தான் உட்காருவேன். இருபத்தாறு வருஷமா ஒரு குறை சொன்னதில்லை யாரும்."

அவர் போனதும் அக்கா எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மூடினாள். விசிறி அடங்கியது. உழைப்பு பதினொன்றுக்கு இறங்கியது. காத்திருந்த ஒன்பது பேரும் முக்கால் மணி நேரத்துக்குள் சான்றிதழுடன் வீட்டுக்குப் போனார்கள். இனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை மட்டும் ஆய்வு. அன்றைக்கு மட்டும் மீனைத் திறந்தால் போதும். ஐந்து மணி அவளுக்கே சொந்தம் என்று எழுத்து மூலம் ஆகிவிட்டது. பஸ்ஸில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டே வந்ததைப் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவள் கண்டுகொள்ளவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் ஜன்னலோரம் காலை நீட்டிக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, படிக்கலையா?"

"படிச்சு முடிச்சுட்டேன்மா. உனக்காகத்தான் உட்கார்ந்திருக்கேன்."

"முடிச்சுட்டியா? எப்ப ஆரம்பிச்ச?"

"இப்பத்தான். இருபது நிமிஷம் ஆச்சு. எல்லாம் தெரிஞ்ச பாடம்தான். வேணும்னா கேட்டுப் பாரேன்."

அக்கா கேட்டுப் பார்க்கவில்லை. பையை வீசிவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"பரீட்சையை வச்சுக்கிட்டு இருபது நிமிஷத்துல முடிச்சாளாம்! பக்கத்து வீட்டுப் பொண்ணைப் பாரு, காலையில உட்கார்ந்தவ இன்னும் எழுந்திருக்கலை. சும்மா இருக்கிறதுக்கா உன்னைப் படிக்க வைக்கிறேன்? எடு புஸ்தகத்தை!"

மகள் எழுந்து போய், நாலு புத்தகங்களை ஒரே சமயத்தில் விரித்து வைத்துக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி, உரக்க முனக ஆரம்பித்தாள்.

"இப்ப எவ்வளவு நல்லா இருக்குது!" என்றாள் அக்கா. நிம்மதியாக, தனியாகவே சாப்பிட உட்கார்ந்தாள்.