சின்னாளபட்டிப் பந்தியில் எனக்குக் கை வந்த கதை

எனக்கு இதுவரை பக்கவாதம் வந்ததில்லை. இதை எழுத்தில் பதிவு செய்யவேண்டிய நிலையில் இருக்கிறேன். ஏனென்றால் சின்னாளபட்டியில் ஒரு பந்தி முழுக்க இதற்கு நேர்மாறாகச் சாட்சி சொல்லும்.

ஓய்வு பெற்ற மறுமாதமே நாகல் நகரில், பக்கவாதத்திலிருந்து மீள்கிறவர்கள் கூடும் குழு ஒன்றில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். சனிக்கிழமைதோறும் காலை பத்து மணி. நாற்காலி போடுவது, டீ கொடுப்பது, யார் எத்தனை அடி நடந்தார் என்று தேதி போட்டுக் குறிப்பது என் வேலைகள். (கடைசி வேலையை யாரும் கொடுக்கவில்லை. நானே டைரியோடு போனேன்.)

அங்கே வருபவர்களில் ஒருவர் முருகேசன் அண்ணன். சாணார்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர். கால் தேறிவிட்டது, வலது கை மட்டும் எழவில்லை. எட்டு மாதப் பயிற்சியில் இடது கையாலேயே இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிடுவார். ஆனால் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டுதான்.

ஒரு சனிக்கிழமை டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். சின்னாளபட்டியில் தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் இவர்.

“நான் போகல தம்பி. அம்புட்டு சனத்துக்கு முன்னாடி பீச்சாங்கையில சோறு திங்கவா?”

“சீரை மட்டும் செஞ்சுட்டு, சாப்பிடாம வந்துருங்க.”

“தாய்மாமன் கை நனைக்காமப் போனா அதையே வம்பாக்க நாலு பேரு இருக்கான். தங்கச்சி அழுதுருவா. அதுக்குப் போகாமலே இருந்துரலாம்.”

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். “நானும் வாரேன். உங்க பக்கத்துல உக்காந்து நானும் இடது கையால சாப்பிடுறேன். ரெண்டு பேருன்னா வித்தியாசமாத் தெரியாது” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு டீயை எடுத்தார்.

நான்கு நாள் வீட்டில் ஒத்திகை. முதல் நாள் இட்லி: தேர்ச்சி. இரண்டாம் நாள் தோசை: சுமார். மற்ற இரண்டு நாளும் மறுபடி இட்லி. குழம்புச் சோறு கேட்டதற்கு, “சட்டையத் துவைக்கிறது யாரு?” என்று மனைவி மறுத்துவிட்டாள். ஆக, பாடமே நடத்தாத பகுதியில் பரீட்சை எழுதப் போனேன்.

மாமன் சீர் குறைவின்றி நடந்தது. பந்தியில் அவருக்கு அடுத்து நான். அவர் நிதானமாக உருட்டி, நிதானமாக உண்டார். என் முதல் கவளம் மூக்குக்குப் போனது, இரண்டாவது வேட்டிக்கு. சாம்பார் முழங்கையைத் தாண்டியது. எதிர்வரிசை முழுவதும் என்னையே பார்த்தது. அவரை யாரும் பார்க்கக்கூடாது என்பதுதானே திட்டம்; அந்த அளவில் வெற்றி.

பரிமாறிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அத்தை வாளியைக் கீழே வைத்தார். “ஏண்ணே, இவருக்கும் வாதமா?”

முருகேசன் அண்ணன் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ஆமாத்தா. நானாச்சும் பரவால்ல. இவருக்குக் கொஞ்சம் முத்திருச்சு.”

அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து ஊட்டத் தொடங்கினார். வலது கையைத் தூக்கினால் குட்டு உடையும். பிறகு பந்தியின் பார்வை முழுவதும் அண்ணன் மேல்தான் விழும். ஆகவே ஐம்பத்தொன்பது வயதில் வாயைத் திறந்தேன். “செத்த மென்னு முழுங்குங்க. ஒண்ணும் அவசரமில்ல” என்றார் அத்தை.

அப்போது பாயசத் தம்ளர் அவருடைய பட்டுச்சேலைப் பக்கம் சாய்ந்தது. என் வலது கை, என்னைக் கேட்காமலே பாய்ந்து பிடித்தது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மணி பன்னிரண்டு பத்து.

அத்தை என் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “கை வந்துருச்சு” என்றார் மெதுவாக. பிறகு உரக்க, “ஏ, இங்க வாங்கடி, இவருக்குக் கை வந்துருச்சு.”

நாயனக்காரர் உட்பட எல்லோரும் வந்தார்கள். ஒருவர் விரலை மடக்கி நீட்டச் சொன்னார். மாலையும் கழுத்துமாக மணமக்கள் என் காலில் விழுந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே முருகேசன் அண்ணன் இடது கையை உயர்த்தி இன்னொரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். அவர் தங்கை தூணோரம் நின்று அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கை கழுவும் இடத்தில் அத்தையிடம் உண்மையைச் சொன்னேன். “எனக்கு வாதமே வந்ததில்லம்மா. அவருக்குத் துணையாத்தான் அப்படிச் சாப்பிட்டேன்.”

“வந்தவுக எல்லாரும் இப்படித்தேன், வரவே இல்லம்பாக” என்றார் கனிவாக. “எங்க குலசாமிக்கு உங்க பேருல மொட்டை வேண்டியிருக்கேன். மறந்துராதீக.”

அந்த மொட்டையை நான் டைரியில் எழுதவில்லை. மனைவி போட்டோவாகவே வைத்திருக்கிறாள். வருகிற விருந்தாளிக்கெல்லாம் காபிக்கு முன்னால் அதுதான்.

முருகேசன் அண்ணன் இப்போது எந்தக் கல்யாணத்தையும் விடுவதில்லை. முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிடுகிறார். யாராவது அவர் கையை உற்றுப் பார்த்தால், சாப்பாட்டை நிறுத்தாமலே சொல்வாராம்: “என்னைய என்னத்தப் பாக்குறீக. எங்க குரூப்புல ஒரு சாரு இருக்காரு. அவரு திங்கிறதப் பாத்திருக்கணும் நீங்க.”