பழுது நீக்கப்பட்டது

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் பணிவுடன் எழுதுவது. இங்கே நான், என் மனைவி, மகள் மூவரும் உடம்பளவில் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் அதைவிடச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முழங்கால் வலியை விசாரிக்காமல் விட்டால் அக்கா கோபித்துக்கொள்வாள் என்பதால் அதையும் இந்த வரியில் விசாரித்துவிட்டேன். மூன்று வருடத்துக்கு முன்னால், ஐம்பத்திரண்டு வயதில் நான் நிர்வாகவியலில் முனைவர் படிப்புக்கு விண்ணப்பித்தபோது, ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர் என்ற முறையில் நீங்கள்தான் பரிந்துரைக் கடிதம் கொடுத்தீர்கள். ‘எதையும் ஆழ்ந்து சிந்திப்பவர்’ என்று அதில் எழுதியிருந்தீர்கள். அதுவரை எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது அத்தான். பெரியவர் எழுதிக் கொடுத்ததைப் பொய்யாக்கக் கூடாதே என்றுதான் சிந்திக்க ஆரம்பித்தேன். அதனால் விளைந்தது எல்லாவற்றையும் உங்களிடமே ஒப்பிப்பதுதான் முறை.

இது வேலையை விட்டுவிட்டுப் படிக்கும் படிப்பு அல்ல. நிர்வாகம் பார்த்தே தலை நரைத்தவர்கள், தங்கள் அலுவலகச் சிக்கல் ஒன்றையே எடுத்து ஆராய்ந்து எழுத வேண்டும். சனி ஞாயிறுகளில் வகுப்பு. முதல் வகுப்பில் இருபத்திரண்டு பேர் இருந்தோம். ஒருவர் மருத்துவமனை நிர்வாகி, ஒருவர் வங்கிக் கிளை மேலாளர், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் பிஸ்கட் கம்பெனி விற்பனைத் தலைவர். அவர் பை முழுக்க மாதிரிப் பொட்டலங்கள் இருந்ததால் அந்தப் பக்கத்து நாற்காலிக்குக் கொஞ்சம் போட்டி. எல்லார் கைபேசியும் மேஜைமேல் குப்புறக் கிடந்து துடித்துக்கொண்டிருந்தது. வழிகாட்டிப் பேராசிரியைக்கு எங்களைவிடப் பத்து வயதாவது குறைவு. “உங்க ஆபீஸ்ல உங்களுக்கே பதில் தெரியாத கேள்வி ஒண்ணு சொல்லுங்க” என்றார். ஒருவர் பாக்கியில்லாமல் இருபத்திரண்டு பேரும் கேள்வியைச் சொல்லாமல் பதிலையே சொன்னோம். அவர் பலகையில் ஒன்றும் எழுதாமல் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, மதியம்வரை ஜன்னலையே பார்க்கச் சொன்னார். முதல் ஐந்து நிமிடம் எரிச்சலாக இருந்தது. பிறகு எதிர்க்கட்டடத்துச் சுவரில் வெயில் அங்குலம் அங்குலமாக இறங்குவது தெரிந்தது. கடைசியாக நான் எதையாவது சும்மா பார்த்தது எப்போது என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

நான் லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் சேவைப் பிரிவு மேலாளர் என்பது உங்களுக்குத் தெரியும். ‘நாற்பது நிமிட விதி’ நான் கொண்டுவந்தது என்பதும் தெரியும், ஏனென்றால் எந்த விசேஷத்துக்கு வந்தாலும் அதைத்தான் சொல்வேன். புகார் வந்த நாற்பதாவது நிமிடத்துக்குள் மெக்கானிக் போய்ச் சரிசெய்து, பதிவேட்டில் எழுதி முடித்திருக்க வேண்டும். பதினோரு வருடமாக அதுதான் எங்கள் பெருமை. முதலாளி அதற்காக எனக்குக் கேடயம் கொடுத்தார். எங்கள் வண்டிகள் எல்லாவற்றிலும் ‘நாற்பது நிமிடத்தில் சரிசெய்வோம்’ என்று ஆளுயர எழுத்தில் இருக்கிறது. ஆகவே ஆராய்ச்சி என்றதும் மற்றவர்கள் கேள்வியைத் தேடி அலைய, நான் விடையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அதற்கு ஏற்ற கேள்வியைத் தேடினேன். இரண்டே வருடத்தில் மூன்று அத்தியாயம் எழுதி முடித்தேன். ‘கண்டறியப்பட்டது’, ‘நிறுவப்பட்டது’, ‘மெய்ப்பிக்கப்பட்டது’ என்று ஒவ்வொரு வரியும் தானாகவே நடந்துபோனது. பேராசிரியை ஓரத்தில் பென்சிலால் ‘யாரால்?’ என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்புவார். அவருக்கு இலக்கணத்தில் கொஞ்சம் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் அத்தியாயத்துக்கு நேரடியாகக் கவனித்து எழுத வேண்டும் என்றார்கள். அதனால் மதிய உணவுக்குப் பிறகு தினமும் ஒரு மணி நேரம் ஏதாவது ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, லிஃப்டுக்குக் காத்திருப்பவர்களைப் பார்த்தேன். அது ஒரு தனி உலகம் அத்தான். ஏற்கெனவே எரிகிற பொத்தானை எல்லாரும் இன்னொரு தடவை அழுத்துகிறார்கள். ஒரு அம்மாள் தொட்டிச்செடியோடு வந்து, செடிக்கும் சேர்த்து இடம் இருக்கிறதா என்று உள்ளே எட்டிப் பார்த்தார். யாருக்காகவோ பூங்கொத்து வாங்கி வந்தவர் பளபளக்கும் கதவில் ஐந்து விதமாகச் சிரித்துப் பார்த்து, கதவு திறந்ததும் ஒன்றையும் வைத்துக்கொள்ளாமல் ஏறிப்போனார். கயிறு ஓடும் சத்தம் மேலிருந்து இறங்கிவரும், தூரத்தில் யாரோ பட்டுத்துணியைக் கிழிப்பது மாதிரி. குறிப்பேட்டில் எழுத வேண்டியதை விட்டுவிட்டு நான் அந்தச் சத்தத்தோடேயே மேலும் கீழும் போய்வந்தேன். வீட்டிலும் அதே கதை. மகள் மூன்று தடவை கூப்பிட்டால்தான் நாலாவது தடவை என் காதில் விழும். உள்ளே மட்டும் ஏதோ ஒரு ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி காற்று வரும்.

இந்த மயக்கத்தில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை எங்கள் குடியிருப்பு லிஃப்டில் ஏறினேன். கதவு மூடியது. நான் பொத்தானை அழுத்தவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்வதா, அழுத்தத் தோன்றவில்லை என்று சொல்வதா தெரியவில்லை. பூங்கொத்துக்காரர் எந்தச் சிரிப்போடு போய் நின்றிருப்பார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்படியே நின்றிருக்கிறேன். உள்ளே விசிறி மெதுவாகச் சுற்றியது. அன்று பொத்தான் பலகையிலும் ஏதோ கோளாறு போலிருக்கிறது, வெளியே இருந்தவர்கள் அழுத்தியும் கதவு திறக்கவில்லை. ஐந்தாம் மாடிக்காரர் எங்கள் கம்பெனிக்குப் புகார் கொடுத்துவிட்டார். அந்தப் புகார் விதிப்படி என் கைபேசிக்கே வந்தது. நானும் விதிப்படி, அது எந்தக் கட்டடம் என்று பார்க்காமலே, ‘உடனே ஆள் அனுப்பவும்’ என்று பதில் போட்டுவிட்டு நின்றேன். அரை மணி நேரம் கழித்துக் கதவை நெம்பித் திறந்தவர் எங்கள் மெக்கானிக் மீசைக்காரர். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். “சார், மேல போறீங்களா, கீழ வர்றீங்களா?” என்றார். எனக்கே தெரியாததால், நல்ல வேலை செய்தீர்கள் என்று தோளில் தட்டிவிட்டுப் படியேறிப் போய்விட்டேன்.

மறுநாள் அலுவலகத்தில் பதிவேட்டை எடுத்து அந்த வரியைப் பார்த்தேன். ‘கதவு சென்சார் துடைக்கப்பட்டது. பழுது நீக்கப்பட்டது. முப்பத்தாறு நிமிடம்.’ சென்சாரை அவர் தொடவே இல்லை அத்தான். அவர் நீக்கிய பழுது நான்தான். மீசைக்காரரைக் கூப்பிட்டுக் கோபமில்லாமல் கேட்டேன். அவரும் ஒளிக்காமல் சொன்னார்: கதவு திறந்துவிட்டது, கோளாறு எங்கே என்று தேட நேரமில்லை, அடுத்த புகார் காத்திருக்கிறது, ஏதாவது எழுதித்தானே ஆக வேண்டும். “எல்லாரும் அப்படித்தான் சார் எழுதறோம். உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சோம்” என்றார். அந்த வெள்ளிக்கிழமையே எங்கள் லிஃப்ட் மறுபடி நின்றது. இந்தத் தடவை உள்ளே நான் இல்லை.

பதினோரு வருடப் பதிவேடுகளையும் இறக்கி உட்கார்ந்தேன். மூன்று மாதம் அதே வேலை. நாற்பது நிமிடத்தில் சரிசெய்த லிஃப்டுகளில் பாதிக்குமேல் ஒரே மாதத்தில் மறுபடி நின்றிருக்கின்றன. அது புதுப் புகாராகப் பதிவாகி, அதுவும் நாற்பது நிமிடத்தில் சரியாகி, என் கேடயத்துக்குப் பாலிஷ் போட்டிருக்கிறது. ஒரே ஒருவர் கைவைத்த லிஃப்டுகள் மட்டும் வருடக்கணக்கில் திரும்பி வரவே இல்லை. அந்த ஒருவர் ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கி, சுவரில் காது வைத்து, ஒரு பிற்பகல் முழுக்க எடுத்துக்கொள்வார். ஏழு தடவை விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்தும் திருந்தாததால், ஆறு வருடத்துக்கு முன் அவரை உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றினோம். மாற்றப்பட்டார் என்று எழுத வந்தது, அடித்துவிட்டேன். நான்தான் மாற்றினேன். ஆமை என்று ஒரு கூட்டத்தில் பேர் வைத்ததும் நான்தான். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார்.

கிடங்குக்குப் போனேன். ரப்பர் வளையங்களை அளவு வாரியாகக் கொக்கிகளில் மாட்டிக்கொண்டிருந்தார். உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல், அதன் வெளிச்சம் அவர் கைமேல் விழுந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன், எண்ணிக்கைகளோடு, மேற்கோள்களோடு, ஆய்வேடு பாஷையில். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“மன்னிப்பு கேக்க வந்தீங்களா சார்?” என்றார்.

“ஆமா.”

“அதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே. கணக்கெல்லாம் எனக்கு எதுக்கு?” கையிலிருந்த வளையத்தை மாட்டிவிட்டுத் திரும்பினார். “ஆமைன்னு வீட்டுலயும் கூப்பிடறாங்க சார். அது பழகிடுச்சு. நோட்டீஸ்ல ‘வேலையில் அக்கறையின்மை’ன்னு போட்டீங்க பாருங்க, அது மட்டும் பழகல.”

ஏழு நோட்டீஸையும் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுக்கிறேன், மறுபடி வெளிவேலைக்கு வாருங்கள் என்றேன். வருகிறேன் என்றார், ஆனால் மணி பார்க்கச் சொல்லக் கூடாது என்றார்.

முதலாளியிடம் போவதற்குள் இரண்டு தடவை அவர் அறை வாசல்வரை போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். கேடயம் போகும், வேலையும் போகலாம், இந்த வயதில் வேறு யார் எடுப்பார்கள் என்ற நினைப்பு. மூன்றாவது தடவை உள்ளே போய்ப் பதிவேடுகளை மேஜைமேல் வைத்துச் சொன்னேன். அவர் நெடுநேரம் பக்கங்களைப் புரட்டினார். “பதினோரு வருஷமா நாம ஊரை ஏமாத்திட்டு இருந்தோமா?” என்றார்.

“நாம இல்ல சார். நான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். திட்டவில்லை. ஜன்னலுக்கு வெளியே நிறுத்தியிருந்த வண்டிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், போன மாதம்தான் பெயின்ட் அடித்தோம் என்றார். கடைசியில், ‘சரிசெய்வோம்’ என்பதை மட்டும் அழித்து ‘வருவோம்’ என்று எழுதச் சொன்னார். வந்த பிறகு எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை. இப்போது எங்கள் வண்டிகளில் ஒரு சொல் மட்டும் மற்றவற்றைவிடப் பளிச்சென்று இருக்கிறது.

வேலை தப்பியது. படிப்பு தப்பவில்லை. விதியைப் புகழ்ந்த மூன்று அத்தியாயமும் காலடி மண்ணில்லாமல் நின்றன. நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் பதினோரு பக்கத்துக்கு எழுதி, இனி இந்தப் பட்டத்துக்கு எனக்குத் தகுதியில்லை என்று போன திங்கட்கிழமை பேராசிரியைக்கு விலகல் கடிதம் அனுப்பிவிட்டேன். வீட்டில் சொன்னேன். என் மனைவி துணி மடித்துக்கொண்டே, “படிப்பு போனா போகட்டும். இந்த மூணு வருஷமாத்தான் நான் பேசி முடிக்கிற வரைக்கும் கேக்கறீங்க. அதையும் சேத்து விட்டுறாதீங்க” என்றாள். மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மூவரும் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தோம்.

ஆகவே அத்தான், உங்கள் பரிந்துரைக்கு நான் உகந்தவனாக இல்லாமல் போனதற்கு மன்னிக்க வேண்டும். அக்கா யார் யாரிடம் தம்பி டாக்டராகப் போகிறான் என்று சொல்லி வைத்திருக்கிறாளோ, அவர்களிடமெல்லாம் பக்குவமாகச் சொல்லிவிடவும். எல்லாருக்கும் என் அன்பு. உங்கள் முழங்கால் சீக்கிரம் உங்கள் சொல் கேட்கட்டும்.

என்றும் உங்கள் பிரியத்துக்குரிய,
மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது பேராசிரியை கூப்பிட்டார். என் விலகல் கடிதத்தைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பவில்லையாம். “மூணு வருஷமா எழுதி அனுப்பினீங்க சார், அதுல எங்கயுமே நீங்க இல்ல. இந்தப் பதினோரு பக்கத்துலதான் வந்திருக்கீங்க. இதுதான் உங்க முதல் அத்தியாயம்” என்றார். எழுத்துப்பிழைகூட அவ்வளவாக இல்லையாம். ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: ‘விலகிக்கொள்கிறேன்’ என்ற கடைசி வரியை எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டேன் அத்தான். அக்காவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.