பாங்கி முகப்பில் என் முகம்

கோயமுத்தூர்
12-3-1963

சிரஞ்சீவி லட்சுமிநாராயணனுக்கு, உன் அவ்வா வெங்கடம்மாள் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சௌக்கியம். மதராஸில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருக்கப் பெருமாள் துணை.

நிற்க. ஒப்பணக்கார வீதியில் இருக்கிற பழைய பாங்கிக் கட்டடத்தை இடித்துவிட்டு, மதுக்கரைச் சிமெண்டில் மூன்று மாடிப் பெட்டி ஒன்று எழுப்பப் போகிறார்களாம். பிளான் போட்ட இஞ்சினியர் நீதான் என்று கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பேரன் இஞ்சினியர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அவன் முதலில் இடிக்கப்போவது என் மூஞ்சியையா?

உனக்குத் தெரியாது, சொல்கிறேன். அந்தக் கட்டடம் எழும்பியபோது நான் புது மருமகள். உன் கொள்ளுத்தாத்தா அதில் பங்குதாரர். பருத்தி வண்டி இழுத்த மாடுகளையே பூட்டி ஆனைமலைத் தேக்கைக் கொண்டுவந்து இறக்கினார். சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டு அரைத்து அரைத்தே செக்குமாடு கிழமாகிப் போனது. சுவர் மேல் ஒரு ஆள் குறுக்கே படுக்கலாம். சித்திரை வெயிலில் உள்ளே போனால் கிணற்றுக்குள் இறங்கின மாதிரி இருக்கும். முகப்பு வளைவுக்கு மேலே சுதையில் ஒரு லட்சுமி வைப்பது என்று முடிவானதும், "முகம் எப்படிங்க இருக்கோணும்" என்று சுதைக்காரர் கேட்டிருக்கிறார். "எங்க ஊட்டு மருமக மாதிரி இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உன் கொள்ளுத்தாத்தா வண்டி ஏறிவிட்டார். எந்த மருமகள் என்று சொல்லவில்லை. மூத்தவள் நான் இருக்கும்போது சொல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் என் ஓரகத்தி, உன் சின்ன அவ்வா கோமளா, அது தன் முகம்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். "உனக்குத் தாடையில குழி இருக்குதே, லட்சுமிக்கு எங்க குழி" என்று பந்தியில் நாலு பேர் முன்னால் கேட்டுப்போட்டேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள். சோமனூருக்குக் குடிபோன பிறகு அந்த வீதிப் பக்கமே வருவதில்லை. தீபாவளிக்குப் பலகாரம் வரும், ஆள் வராது.

போன திங்கட்கிழமை நானே பாங்கிக்குப் போய், "இது என் முகமுங்க, இடிக்கப்படாது" என்று மானேஜர் கோவிந்தராஜுலுவிடம் சொன்னேன். அவர் வெளியே வந்து மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். "அதுக்கு வருசா வருசம் வெள்ளையடிக்கறோமுங்க அம்மா. உங்களுக்கு அடிக்காம உட்டுட்டாங்களாட்ட இருக்குதுங்க" என்றார். எனக்கு ஆற்றாமை தாங்காமல் வாசற்படியிலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்தேன். பாங்கிப் படியில் ஒரு கிழவி அழுகிறாள் என்றதும், பாங்கி திவாலாகிப்போச்சு என்று வீதியெல்லாம் பரவி, பாஸ்புக்கும் கையுமாக ஜனம் வந்து குவிந்துவிட்டது. ஒரு பெண் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "உங்குளுது எவ்வளவுங்க போச்சு" என்று தானும் அழுதாள். "என் மூஞ்சியே போகுது கண்ணு" என்றேன். அதைக் கேட்டு இன்னும் நாலு பேர் உள்ளே ஓடினார்கள். கடைசியில் கோவிந்தராஜுலு கும்பிடு போட்டு, லட்சுமியைச் சுரண்டிச் சுத்தம் செய்கிறோம், இஞ்சினியர் ஒத்துக்கொண்டால் முகப்பை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறோம் என்று சொன்ன பிறகுதான் எழுந்தேன்.

ஆகவே கண்ணு, பிளானை மாற்றிப் போடு. வெள்ளிக்கிழமை வந்து சுத்தமான முகத்தைப் பார்த்துக்கொள் என்று கோமளாவுக்கும் கார்டு போட்டுவிட்டேன். என் கண் மூடுவதற்குள் அவள் தன் வாயால் ஒத்துக்கொள்ள வேண்டும்.

நீ கட்டுகிற கட்டடங்களும் நீயும் நெடுநாள் நிலைத்திருக்க ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
பாங்கி லட்சுமியாகிய உன் அவ்வா,
வெங்கடம்மாள்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் கொத்தனார் யூனுஸ் பாய் வந்துவிட்டார். "அம்மணி, சுண்ணாம்பைச் சுரண்டியாச்சுங்க. தாடையில ஒரு குழி இருக்குதுங்க" என்றார். "உளி பட்டுப்போச்சா பாய்" என்று கேட்டேன். "இல்லீங்க. ஈரத்துல விரல வெச்சு அமுத்துன குழிங்க. வருசா வருசம் அடிச்ச வெள்ளையில தூர்ந்து கெடந்துச்சுங்க" என்றார். பிளானை மாற்ற வேண்டாம், உடனே இடிக்கச் சொல்லித் தந்தி கொடு என்று எழுதத்தான் மறுபடியும் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. வெள்ளிக்கிழமை கோமளா பஸ்ஸில் வந்து இறங்குவாள். அவள் நின்று பார்த்துவிட்டுப் போகிற வரைக்கும் ஒரு செங்கல்லிலும் கை வைக்க வேண்டாம். எனக்கு அன்றைக்குத் தலைவலி வரும்.