ஒரே துலிப்புக்கு மூன்று நிறம்

மதிப்புக்குரிய மச்சான் வீபே அவர்களுக்கு,

ப்ரீசாண்டிலிருந்து உங்கள் தங்கை க்ரீட்டின் புருஷன் சீம் எழுதுவது. முழங்கால் வலி குறைந்து படியேறத் தொடங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே க்ரீட், மகள் யோரின், கொட்டகையில் காயும் துலிப் கிழங்குகள் எல்லோரும் சுகம். நான் மட்டும் சுகமில்லை. அதற்குக் காரணம் நீங்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

போன மே மாதம் நம் வயலில் நின்று, க்ரீட்டின் பெயரை வைத்த புதுத் துலிப்பை நீங்கள்தான் படம் எடுத்துக் கொடுத்தீர்கள். அந்தப் படம் வெள்ளிக்கிழமைக்குள் விலைப்பட்டியலுக்காக அச்சகம் போய்ச் சேர வேண்டும். ஸ்வீடன்கார உல்லா ப்ரோமான் அம்மாள் படத்தைப் பார்த்துத்தான் வாங்குவாள்; கிழங்கை மட்டும் பார்த்தால் எல்லாமே வெங்காயம் மாதிரிதானே இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் கறுப்பு என்று நான் விற்றது அவள் ஊரில் கத்தரிக்காய் நிறத்தில் பூத்துவிட்டது என்று இரண்டு பக்கம் திட்டி எழுதினாள். இன்னொரு தடவை நிறம் தப்பினால் அவள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாள். என் கிழங்கில் பாதியை வாங்குகிறவள் அவள்.

நீங்கள் சொன்னபடி, படம் திருத்தும் மாத வாடகை மென்பொருளில் படத்தைத் திறந்தேன், பூ பீட்ரூட் நிறம். யோரின் சொன்ன, ஒரே தடவை காசு கொடுத்து வாங்கும் மென்பொருளில் திறந்தேன், பிளம் பழ நிறம். பக்கத்து வயல் தேய்ஸ் சொன்ன இலவச மென்பொருளில் திறந்தேன், செங்கல். கேமராவிலிருந்து வந்த அதே கோப்பு, அதே திரை, நான் ஒரு பொத்தானைக்கூடத் தொடவில்லை, மச்சான்! வாடகைக்காரன் மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கையில்லை, வாடகையை நிறுத்தினால் திருத்திய படங்களின் கதி என்ன என்று கேட்டதற்கு எட்டுப் பக்க விதிமுறை அனுப்புகிறான், என் கிழங்கை நான் எட்டுப் பக்க விதிமுறையோடு விற்றால் ஒருத்தன் வாங்குவானா? இலவசக்காரன் அதைவிட மோசம். காபியோடு ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு டப்பாவை மூடி வைக்கிற ஊரில், ஒரு முழு மென்பொருளைச் சும்மா கொடுக்கிறானென்றால் அவனுக்கு என்னிடம் என்ன வேண்டும்? ஒரே தடவை காசு வாங்குகிறவன் நேர்மையானவன் போலத் தெரிகிறான், அதனாலேயே பயமாக இருக்கிறது.

நிஜப் பூவோடு ஒப்பிடலாம் என்றால் பூவே இல்லை. கிழங்கு பருக்க வேண்டுமே என்று, நீங்கள் படம் எடுத்துவிட்டுக் கிளம்பிய மறுநாளே நான் இயந்திரத்தை ஓட்டி வயல் முழுக்கத் தலையை வெட்டிவிட்டேன். ஒரு இதழ்கூட மிச்சமில்லை; என் நினைவில் இருந்த நிறமும் இந்த மூன்றையும் பார்த்ததில் குழம்பிவிட்டது. அதனால் போன ஞாயிறு க்ரீட் பிறந்தநாளுக்கு எல்லோரும் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது, மூன்று படங்களையும் ஒரே மாதிரிக் காகிதத்தில் தனித்தனியாக அச்சிட்டுக் கைக்குக் கை சுற்ற விட்டேன். ஃபெம்மி சித்தி பீட்ரூட் நிறப் படத்தைக் கேக் தட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு, "மாப்ளே, பூவை நான் பாக்கவே இல்லை. ஆனா இதுதான், சத்தியமா" என்றாள். தேய்ஸ், "செங்கல்தாண்ணே. வேலிக்கு என் பக்கமிருந்து தினமும் பாத்தேனே" என்றான். "நீ என் வயலை எதுக்கு தினமும் பாக்குறே?" என்று கேட்டேன். அவன் சிரித்தான், அதையும் விசாரிக்க வேண்டும். கடைசியில் க்ரீட், "என் பேரு வச்ச பூ. என்ன நிறம்னு என்கிட்டே யாராச்சும் கேட்டீங்களா?" என்றாள். சரி, நீயே சொல்லு என்றேன். "மறந்துபோச்சு" என்றாள்.

ஆகவே மச்சான், முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் படமெடுத்த உங்கள் கண்ணைத்தான் நம்பியிருக்கிறேன். அன்று நீங்கள் பார்த்தது பீட்ரூட்டா, பிளமா, செங்கலா? பதிலைப் பார்த்துத்தான் எந்த மென்பொருளை வாங்குவது என்று முடிவு செய்வேன். வாடகைக்காரனிடம் உங்களுக்குக் கமிஷன் ஏதாவது உண்டென்றால் அதையும் மறைக்காமல் எழுதிவிடுங்கள், கோபிக்க மாட்டேன்.

உங்கள் முழங்கால் நீடூழி வாழ்க. உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டுத் தொட்டிகளில் வைத்ததெல்லாம் வைத்த நிறத்திலேயே பூக்கட்டும்.

என்றும் உங்கள்
சீம்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உல்லா அம்மாளிடமிருந்து போன். எந்த நிறம் பிடிக்கிறது என்று கேட்டு யோரின் மூன்று படங்களையும் அவளுக்கே அனுப்பிவிட்டாளாம். "மூணுமே அருமை சீம், ஒவ்வொண்ணுலயும் அம்பது பெட்டி போடுங்க" என்றாள். அம்மா, மூன்றும் ஒரே பூ என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். சிரித்தாள். "நானும் வியாபாரிதான். மத்த ரெண்டையும் எந்த டென்மார்க்காரனுக்கு ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்றாள். என் தாய் மேல் சத்தியம் செய்தேன், பலிக்கவில்லை. அடுத்த மே மாதம் நேரில் வந்து வயலில் நின்று பார்ப்பாளாம், அதுவரை ஆர்டர் கிடையாதாம், அவள் வந்து பார்க்கும்வரை ஒரு பூவின் தலையையும் நான் வெட்டக் கூடாதாம். ஆகவே மேலே கேட்டதற்கெல்லாம் பதில் வேண்டாம், மென்பொருளும் வேண்டாம். இவ்வளவு சந்தேகப் பிராணிகளோடு மனுஷன் எப்படித்தான் வியாபாரம் செய்வது என்று மட்டும் எழுதுங்கள்.